பிலடெல்பியா போய்வந்து தோற்ற ஜனாதிபதி

1975 ஆடியில் ரொறன்ரோவில் இருந்து பிலடெல்பியாவுக்குப் போன கதையை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். போனதற்குக் காரணம் எனக்கிருந்த சரித்திரப் பைத்தியம். என் மனைவி மனோவின் தலைக்குள் வேறு விஷயம். ஒஷாவா ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்குத் தாதி வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். நான் வேண்டாம் என்றிருந்தேன். முப்பத்தைந்து மைல், மாரியில் பனி, தனியே கார் ஓட்டம். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை.

வெள்ளி காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பின் சீற்றில் மனோவின் தங்கை வதனி, மடியில் சோற்றுப் பார்சல்களோடு. எல்லையில் வீசா பார்க்க நாற்பது நிமிடம். கிட்டத்தட்ட ஐந்நூறு மைல், பன்னிரண்டு மணித்தியாலம். வழிநெடுக அமெரிக்க ஆட்சிமுறையை விளக்கி நான் வாய் மூடவில்லை.

"கார் ஓட்டுற நான் ஜனாதிபதி. முன் சீற் ஒரு சபை, பின் சீற் மற்றச் சபை. நீங்கள் சட்டம் போடலாம், நான் தடுக்கலாம்."

"அப்ப உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாதோ அத்தான்?" என்றாள் வதனி.

"ஏன் ஏலாது? ரெண்டு சபையிலையும் மூண்டிலை ரெண்டு பங்கு ஆக்கள் திரும்பவும் ஓம் எண்டால் அது சட்டம்தான்."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

சனி காலை ஒன்பது மணிக்குச் சுதந்திர மண்டபம். நுழைவு இலவசம். 1787இல் அரசியலமைப்பை எழுதிய அறையில் பச்சைத் துணி விரித்த மேசைகள். ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் சேரக்கூடாதென்று பயந்தவர்கள் கூடியிருந்த இடம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனோ கைப்பையைத் திறந்து ஒஷாவா ஆஸ்பத்திரி அனுப்பிய வேலைக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு திரும்பும்போது, ஹமில்டன் தாண்டியதும் தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, ஒஷாவா வேலைக்கு முன் சீற் ஓம்."

"பின் சீற்றும் ஓம்!" என்றாள் வதனி.

"நான் தடுக்கிறன்."

"திரும்பவும் ஓம்," இரண்டு பேரும் ஒரே குரலில். "இனி ஜனாதிபதி என்ன செய்யவேணும்?"

"நிறைவேற்றவேணும்," என்றேன். சிரிப்பு வந்துவிட்டது, பயம் போகவில்லை.

போகிறவர்களுக்கு: மோட்டல் அப்போது இரவுக்குப் பதினெட்டு டொலர், இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு நேரத்தோடு போங்கள், வரிசை நீளம். வீட்டில் யாராவது உங்கள் பதிலுக்குக் காத்திருந்தால், காரில் ஏறமுதலே சொல்லிவிடுங்கள்.

வேலையின் முதல் நாள் நானே கொண்டுபோய் விட்டேன். எட்டு மணித்தியாலமும் கார் தரிப்பிடத்தை விட்டு அசையவில்லை. மாலை வெளியே வந்த மனோ என்னைக் கண்டதும், "உங்களுக்கென்ன விசரே?" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "கார்த் திறப்பைத் தாங்கோ. இனி நான்தான் ஜனாதிபதி."

முன் சீற்றில் ஏறி இருந்து, ஓம் என்றேன். ஐம்பது வருசமாக அந்தச் சபையில்தான் இருக்கிறேன்.