மீன் மசாலா டப்பாவில் மகாலட்சுமி

எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், இன்றைக்கும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஜாலான் புசார் தெருவில் ஒரு மசாலாக் கடைக்காக வீடு வீடாகத் தூள் விற்றேன். என் வீட்டுக்காரர் சம்பளம் பாதி மாதத்துக்குத்தான் வரும். மீதி மாதம் என் கூடையில் இருந்தது.

ஒருநாள் முதலாளி மெட்ராஸில் அச்சடித்த புது டப்பாக்களை இறக்கினார். மீன் மசாலா. மேலே மகாலட்சுமி, கையிலிருந்து பொற்காசு கொட்டுகிறது.

முதல் வீட்டுத் தமிழச்சி டப்பாவைத் தொடவே இல்லை. "ஏன்க்கா, மீன் கழுவின கையோட லட்சுமியைத் தொடச் சொல்றியா? தீர்ந்தா குப்பையில போடவும் முடியாது. பூஜை ரூம்ல வைக்கவா?"

மலாய்க்கார அக்காள், எப்போதும் என்னிடம் வாங்குகிறவர், படத்தைப் பார்த்ததும் முடியாது என்று கையை ஆட்டினார். "தா போலே லா!" வீட்டுக்குள் சாமி படம் கூடாதாம்.

ஒரு சீன வீட்டம்மா மட்டும் பொற்காசைத் தொட்டுக் காட்டிச் சிரித்து, இரண்டு டப்பா வாங்கினார். நாளைக்கு அது எந்தக் குப்பைத் தொட்டிக்குப் போகுமோ.

திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். "படத்தை மாத்துங்க. மீன் போடுங்க. மீன் எல்லா வீட்டுக்குள்ளயும் போகும்."

"கையெழுத்துப் போடத் தெரியாது, டப்பாவைப் பத்திப் பாடம் நடத்த வந்துட்டியா?"

"படிக்கத் தெரியாதவங்களுக்குத்தானே முதலாளி படம் போட்டீங்க? அதைத்தான் நான் படிச்சுட்டு வந்து சொல்றேன்."

"இதை வித்தா வேலை. இல்லன்னா கூடையை வச்சுட்டுப் போ."

டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினேன். லட்சுமியின் முகம் சுவரைப் பார்க்காதபடிதான் வைத்தேன். பிறகு வெறும் கூடையைத் தூக்கினேன்.

"கூடை என்னுது."

மறுவாரம் மிளகாயும் மல்லியும் நானே வாங்கி, மில்லில் அரைத்து, காகிதப் பொட்டலமாகக் கட்டினேன். படமே கிடையாது. மலாய்க்கார அக்காளே முதல் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து வாங்கினார்.

ஒரு வருஷம் கழித்து முதலாளி ஆள் அனுப்பினார். போனேன். புது டப்பாவை என் கையில் கொடுத்தார். மேலே கொழுத்த மீன் ஒன்று. "இப்ப சரியா? நாளைக்கே வேலைக்கு வா."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இந்தத் தடவை பிழை இல்ல, முதலாளி," என்று கொடுத்துவிட்டு, என் கூடையோடு கிளம்பினேன். அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி இருந்தது.