அப்பா பார்த்த துபாய்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கதவில் ஒரு காந்த வில்லை ஒட்டியிருந்தது. அதில் வரைந்த படத்தில் துபாயின் உயரமான கட்டடங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் காலடியிலேயே நீல நிறத்தில் கடல் தொடங்கிவிடும். ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்கென்று விற்கிற பொருள் அது. எங்களிடம் அப்போது ஃபிரிட்ஜ் இல்லை. ஒரு விடுப்பில் வந்தபோது அப்பா அதைக் கொண்டு வந்தார். வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, ஓரத்தில் நின்ற கட்டடத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே நகத்தை வைத்து, "இந்தா, இந்த எடத்துலதான் அப்பா நிக்கிறேன்" என்றார். நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். அங்கே ஓர் ஆள் தெரிவதாகவே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துத் தோழிகள் வீட்டுக்கு வந்தால் அவர்களையும் கூப்பிட்டு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவேன்.

அப்பாவுக்குச் சாரம் கட்டுகிற வேலை. கீரனூர்ப் பக்கம் வெள்ளையடிக்கிற வீடுகளுக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டிக்கொண்டிருந்தவர், நான் பிறந்த கையோடு துபாய்க்குப் போய் இரும்புக் குழாயில் கட்ட ஆரம்பித்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். வரும்போது தைலம், பேரீச்சம்பழம், அளவு தப்பிய செருப்பு எல்லாம் கொண்டு வருவார். என் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சிறியதாகவோ பெரியதாகவோதான் வாங்குவார், நானும் கடித்தாலும் கழன்றாலும் அதையே போட்டுக்கொண்டு திரிவேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. தனக்கு வராத ஆங்கிலம் எனக்கு வர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இங்கிலீஷ் தெரிந்தவன் கீழே ஏசி ரூமில் நிற்கிறான், தெரியாதவன் மேலே வெயிலில் நிற்கிறான் என்று அடிக்கடி சொல்வார். ஒரு வாரம் மிஸ் எல்லாரும் ஊர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டு எது பெரியது, எது பழையது, எதில் நெரிசல் அதிகம் என்று ஒப்பிட வேண்டும். மற்றவர்கள் திருச்சியையும் மதுரையையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். நான் மட்டும் புதுக்கோட்டையையும் துபாயையும் எடுத்துக்கொண்டேன். அன்று எனக்கிருந்த மிதப்புக்கு அளவே இல்லை. கையில் அப்பா இருக்கும்போது எனக்கென்ன கவலை?

வெள்ளிக்கிழமைதான் அவர் போன் பண்ணுகிற நாள். அந்த வெள்ளிக்கிழமை அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு கேள்வியாகக் கேட்டுத் தள்ளினேன். அப்பாவுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. "காரெல்லாமா? தீப்பெட்டியப் பரப்பி வச்ச மாரி இருக்கும் ஆத்தா" என்றார். "கடலு நம்ம மணமேல்குடிக் கடலு மாரி கலங்கல் கெடையாது. பச்சக் கண்ணாடி மாரி கெடக்கும். கப்பலு ஊந்து போறது தெரியும்" என்றார். பெரிய பெரிய வீடுகளின் மொட்டைமாடியில் நீச்சல் குளம் இருப்பதாகவும், பொழுது சாயும்போது வெளிச்சமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டு வருவதாகவும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன். வகுப்பே வாயைப் பிளந்தது.

மிஸ் மட்டும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் தெருவில் நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லவில்லையே என்றார். கடைத்தெருவில் என்ன வாசனை வரும், ஜனங்கள் நின்றுகொண்டு என்ன சாப்பிடுவார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்ன பேசிக்கொள்வார்கள், அடுத்த வாரம் அதையும் கேட்டு வா என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டேன். ஊரில் மழை உண்டா, அம்மா சாப்பிட்டாளா என்று அப்பா முதலில் வேறு எதையெல்லாமோ விசாரித்தார். பிறகு, "பெரிய ஊருல ஆத்தா... எல்லாரும் எல்லாந்தான் திம்பாக" என்றார். "நீங்க என்னப்பா திம்பீங்க, கடைத்தெருவுல?" என்றேன். "லைன் சரியில்ல ஆத்தா, அம்மாகிட்டக் குடு" என்றார். அம்மா போனை வாங்கிக்கொண்டு, "வேல பாக்குற மனுசன்கிட்ட என்ன கேள்விடி இது" என்று என்னை விரட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை லைன் சரியில்லை என்று மிஸ்ஸிடம் சொன்னபோது பக்கத்து பெஞ்சுக்காரி, "ஒங்கப்பா நல்லா அளந்து விட்டுருக்காருடி, படத்துல பாத்ததையெல்லாம் சொல்லிருக்காரு" என்று சிரித்தாள். அவளோடு அந்தக் கோடை முழுக்க நான் பேசவில்லை.

அதே வருடம் ஆடியில் அப்பா விடுப்பில் வந்தார். என்னை நார்த்தாமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாறையில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். அவர் வீட்டுப் படி ஏறுகிற மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தார். மேலே கோயில் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்மாய், ரயில் தண்டவாளம், தூரத்துக் கல்குவாரி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. ஆனால் மறுநாள் புதுக்கோட்டை டவுனுக்குத் துணி எடுக்கப் போனபோது அவர் வேறு ஆளாக இருந்தார். பழைய கடைகள் இருந்த இடத்தில் புதுக் கட்டடங்கள். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் நின்றார். வண்டிகள் ஹாரன் அடிக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டு ஆத்தா போகணும்?" என்று கேட்டார். நான்தான் முன்னால் நடந்து வழி காட்டினேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "நீ இங்கிலீசு படிச்சு அங்க வேலைக்கு வந்துரு. வந்து அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயி துபாயச் சுத்திக் காட்டணும், சரியா?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதையாவுல்ல இருக்கு" என்றாள். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார், சிரித்துவிட்டு, "சரியா ஆத்தா?" என்று மறுபடியும் கேட்டார். சரி என்றேன்.

நான் கல்லூரி முடிக்கிற வருடம் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்று நின்று சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். புதுக்கோட்டையில் ரத்தம் சுத்திகரிக்கிற கட்டிலில் அவர் படுத்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் இன்டர்வியூவுக்குத் தயார் செய்தேன். துபாயில் ஒரு கிளினிக்கில் வரவேற்பாளர் வேலை. இன்டர்வியூவைப் போனிலேயே நடத்தினார்கள். பேசி முடித்ததும் அப்பா கண்ணைத் திறந்து, "என்னா கேட்டாக?" என்றார். ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள் என்றேன். "நம்ம ஊரா, அந்த ஊரா?" என்றார். நம்ம ஊர்தான் என்றதும், "மலையச் சொன்னியா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வேலை கிடைத்தது. விசா வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

துபாயில் விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்தவர், அப்பாவோடு ஒரே அறையில் நெடுங்காலம் இருந்த விராலிமலை மாமா. இப்போது ஒரு குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறார். விடுமுறை நாளில் அவரிடம், "அப்பா வழக்கமாப் போற எடத்துக்கெல்லாம் என்னையக் கூட்டிட்டுப் போங்க மாமா" என்றேன். எந்தக் கடையில் டீ குடிப்பார், எந்தக் கடற்கரையில் உட்காருவார், எனக்குச் செருப்பு வாங்கிய தெரு எது, எல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆசை.

"எங்கம்மா போனோம்?" என்றார் மாமா. "விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ்ஸு. ஏறுனதும் தூங்கிருவோம். இருட்டுனதுக்கப்புறம் நாங்க தங்குற கேம்புல கொண்டாந்து எறக்குவான். வெள்ளிக்கிழமையானா துணி தொவைக்கணும், கறி ஆக்கணும், ஒங்களுக்குப் போன் பண்ணணும். சாமான் வாங்குறது கேம்பு வாசல்ல வர்ற வேன்லதான். நானாச்சும் இடையில ஒண்ணு ரெண்டு தடவ வெளிய போனேன். டாக்ஸிக்குக் குடுக்குறத வீட்டுக்கு அனுப்பலாமுன்டு ஒங்கப்பா வர மாட்டாரு. தெருவுல எறங்கி நடந்ததே இல்லம்மா அவரு. எல்லாத்தையும் மேல நின்னு பாத்துக்கிருவாரு. 'என் மக கேப்பா'ன்டு சொல்லிச் சொல்லிப் பாப்பாரு."

நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா அளந்து விடவில்லை. தீப்பெட்டி கார்களும், பச்சைக் கண்ணாடிக் கடலும், மொட்டைமாடிக் குளமும், சாரத்தின் மேலிருந்து அவர் தன் கண்ணால் கண்டவை. அங்கே என்ன தெரிந்ததோ அதைச் சொன்னார். கீழே உள்ளதைக் கேட்டபோது லைன் சரியில்லை என்றார். புதுக்கோட்டைக்கும் துபாய்க்கும் எது பெரியது, எது சிறியது என்று நான் வாய் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்த மனிதருக்கு இரண்டு ஊரிலும் ஒரு தெருகூடத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்று எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்.

போன மாதம் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி நடந்தது. நோயாளிகளிடம் சரளமாகப் பேசுவதற்காம். பயிற்சியாளர் எங்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, உங்கள் ஊரையும் துபாயையும் ஒப்பிட்டுப் பேசுங்கள் என்றார். என் எதிரே இருந்த நேபாளத்துப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எனக்கு எல்லாம் தெரியும். மீன் மார்க்கெட்டின் வாசனை தெரியும். பஸ் நிறுத்தத்தில் மலையாளத்தில் என்ன புலம்புவார்கள் என்று தெரியும். பொரித்த சமோசாவை எந்தத் தெருவில் தேநீரில் தோய்த்துத் தின்கிறார்கள் என்றும் தெரியும். மிஸ் கேட்ட ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆங்கிலமும் இருக்கிறது. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அந்தக் காந்த வில்லையை வரும்போது அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். இப்போது என் அறையில், அது ஒட்ட வேண்டிய ஃபிரிட்ஜிலேயே ஒட்டியிருக்கிறது. அப்பா நகம் வைத்த இடத்தில் சாயம் போய் வெள்ளையாகிவிட்டது. பயிற்சி முடிந்து வந்த அன்று சாயங்காலம் அந்த இடத்தில் என் விரலை வைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டுமே என்று, விரலை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வந்தேன். மாடி மாடியாக இறங்கிக் கட்டடத்தின் காலடிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அங்கே உடனே கடல். படம் வரைந்தவன் தெரு என்று ஒன்றை வரையவே இல்லை. அப்பாவை எங்கே இறக்கிவிடுவது என்று தெரியாமல், விரலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.