ஆனிக் கடலில் போன முட்டை

நாமக்கல் முட்டை எக்ஸ்போர்ட் ஷெட்டில் நான் பேக்கிங் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் ஆனியிலேயே மஸ்கட்டிலிருந்து ஒரு வீடியோ வந்தது. கண்டெய்னர் கதவைத் திறக்கிறார்கள். பெட்டிகள் சரிந்து, மஞ்சள் கரு வாசல் வழியாக ஒழுகுகிறது.

"இன்னொரு லோடு இப்படிப் போச்சுன்னா மஸ்கட்டுல வாங்கற பார்ட்டி நம்மள உட்டுருவாருங்க. ஷெட்ட மூடீட்டு எல்லாரும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

லோடிங் மேஸ்திரி பழனிசாமிக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏனுங்க, கல்கத்தா வரைக்கும் போற லாரில லோடு ஏத்துன கையுங்க இது!"

அங்கேதான் சிக்கல். லாரிக்கு அடுக்குவதுபோலவே கண்டெய்னருக்கும் அடுக்கியிருந்தார். பிரேக் போட்டால் சரியாமலிருக்க முன்னும் பின்னும் இறுக்கம். காற்றோட்டத்துக்கு இரண்டு பக்கமும் சந்து.

கடலில் என்னதான் நடக்கிறது என்று கேட்க, கப்பல் ஏற்றும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். ஷிப்பிங் ஏஜென்ட் மரியதாஸ் தன் செல்போனில் அலை வரைபடத்தைக் காட்டினார். பெரிய அலையைக் குறிக்கும் சிவப்பில் அரபிக்கடல் பாதி கிடந்தது.

"அண்ணாச்சி, இந்தியப் பெருங்கடலுக்கு வடக்க பூரா நிலம்லா. வெயில்ல நிலம் காஞ்சா, பூமத்திய ரேகைக்குத் தெக்க இருந்து காத்து பாஞ்சு வரும். சோமாலியாவுல புடிச்சு நம்ம கரை வரைக்கும் அலைதான். மார்கழியில காத்து திரும்பிரும், நீரோட்டமும் திரும்பிரும். வேற எந்தப் பெருங்கடலும் இவ்வளவு பெருசாத் திரும்பாது."

அம்மாடி! ஒரு கடலே வருஷத்துக்கு இருமுறை திசை மாறுகிறதா? கேட்டு நின்றவன் வந்த வேலையையே மறந்துவிட்டேன். மரியதாஸ்தான் நினைவுபடுத்தினார்.

"கப்பல் ரெண்டு பக்கமும்லா உருளும்? நீங்க அங்கதான் சந்து விட்டிருக்கீய. இந்தக் குளிர் கண்டெய்னர்ல காத்து தரைக்கு அடியில இருந்து மேல ஏறும். சந்து எதுக்கு?"

அடுத்த லோடில் சந்துகளை ஏர்பேக் என்ற காற்றடைத்த பைகளை வைத்து அடைத்தோம். பழனிசாமி முணுமுணுத்துக்கொண்டே அடைத்தார். கப்பல் கரை சேரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீடியோ வந்ததும் மொத்த ஷெட்டும் என் போனைச் சுற்றி நின்றது. கதவு திறந்தது. பெட்டிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. "அப்பாடா!" என்று முதலில் கத்தியது பழனிசாமிதான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சரக்கை மட்டும் பார்த்து அடுக்காதீர்கள், அது போகும் வழியையும் பாருங்கள்.

முதலாளிக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. "இந்தப் பாழாப்போன கடக்காத்து இல்லீன்னா நிம்மதியா இருக்கலாமுங்க" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க. குடகு மலைல மழை பேஞ்சு காவேரி வர்றதே அந்தக் காத்தாலதானுங்க. நம்ம கோழி குடிக்கறது அந்தத் தண்ணிதான்" என்றேன்.

அவர் சட்டென்று மேற்கே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.