ஆறாம் நம்பர் கியர்பாக்ஸும் ரோஸ்மேரியும்

ரோஸ்மேரியைப் பற்றி என்னிடம் யாரும் கேட்காமல் இருப்பது நல்லது. கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது. ஆனால் அவளைப் பற்றி என்னளவுக்கு விவரமாகச் சொல்ல இந்தச் சாயப்பட்டறையில் வேறு ஆள் கிடையாது. ஐந்து வருஷமாக அவளை வயிறெரியப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான்தான்.

என் பெயர் மூக்கையா. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். திருப்பூரில் மணியன் முதலாளியின் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக ஃபிட்டர். பனியன் துணியைச் சாயத்தில் சுற்றவிடும் பெரிய மெஷின்கள் எங்களிடம் ஆறு. ஸ்க்ரூடிரைவரின் நுனியை கியர்பாக்ஸில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் போதும், உள்ளே எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எண்ணெயை இரண்டு விரலில் தேய்த்தே அதன் ஆயுளைச் சொல்வேன். ஆறு மெஷினுக்கும் ஒரே பேரல், ஒரே எண்ணெய். யார் என்ன கேட்டாலும் முதலாளி, "மூக்கையா சொன்னாச் சரியா இருக்குமுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தாள் மகராசி.

சாத்தான்குளத்துப் பெண். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க்காம். பதினேழு வயதில் அக்காளோடு ரயிலேறி வந்து, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி, பிறகு செக்கிங் டேபிளில் பதினோரு வருஷம் நின்றிருக்கிறாள். ஒரு இழை விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாதாம். நின்று நின்று முட்டி வீங்கிப்போனதால், உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்று எங்கள் ஸ்டோருக்கு வந்தாள். ஜன்னல் வழியாக பெல்ட், பேரிங், எண்ணெய் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? மத்தியானம் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். இவள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் பேரலில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படிப்பாள். அதிலுள்ள நம்பருக்குப் போன் போட்டு, "சார், பித்தளைப் பல்சக்கரத்துக்கு இது ஆகுமா?" என்று கேட்பாள். கட் செய்தால் மறுபடியும் போடுவாள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கியர்பாக்ஸிலிருந்தும் ஒரு சொட்டு எண்ணெய் வாங்கி, வெள்ளை பனியன் வேஸ்ட் துண்டில் விட்டு, தேதி எழுதி, ஸ்டோர் சுவரில் வரிசையாகக் குத்தி வைப்பாள்.

"என்னத்தா, தோரணமா?" என்று நக்கலடித்தேன்.

"எண்ணெய் எப்படிப் பரவுதுன்னு பாக்கேன்ண்ணே. கெட்டுப்போனா நடுவுல கருப்பா நின்னுக்கிடுது."

எனக்குச் சுருக்கென்றது. என் இரண்டு விரல் சொல்வதை ஒரு துணித்துண்டு சொல்லுமாம்!

ஆறாம் நம்பர் மெஷின் எங்கள் இருவருக்கும் பிறகு வந்தது. மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பழையதாக வாங்கினோம். இடம் பத்தவில்லை. அதனால் கியர்பாக்ஸை ஒருக்களித்துத் திருப்பி நானே மாட்டினேன். பதினான்கு மாதத்தில் அதன் பித்தளைச் சக்கரம் இரண்டு முறை தேய்ந்து போனது. இரண்டு முறையும் மெஷின் நடுவில் நின்று, உள்ளே இருந்த துணி திட்டுத் திட்டாகி வீணானது. சக்கரம் மட்டமான சரக்கு என்று நான் சொன்னேன். முதலாளி தலையாட்டினார்.

ரோஸ்மேரி ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள். எண்ணெய்ச் சொட்டில் மினுமினுவென்று பொன்தூள் போலப் பித்தளைப் பொடி. "சக்கரம் மட்டமில்ல சார். எண்ணெய்தான் இதுக்கு ஆகல. எது ஊத்தணும்னு கியர்பாக்ஸ் தகட்டுலயே இருக்கும், பாப்போம்."

தகடு எங்கே? ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவி, பச்சைப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். பிரஷ் என் கையில்தான் இருக்கும். நட்டு, போல்டு, தகடு எதையும் விடமாட்டேன். வருஷத்துக்கு ஒரு பூச்சாக இரண்டு பூச்சு ஏறியிருந்தது. அவள் தின்னரும் பிளேடும் எடுத்துவந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுரண்டினாள். எழுத்து வெளியே வந்தது. இந்தப் பெட்டிக்குத் தனியாக ஒரு செயற்கை எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், சாதாரண எண்ணெயோடு அது சேரவே கூடாது என்று போட்டிருந்தது. சேர்ந்தால் திரிந்த பால்தான்.

"பெயிண்ட் மூடியிருந்துச்சு சார்" என்றாள். யார் அடித்தது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? பட்டறையே என்னைப் பார்த்தது.

முதலாளி அவளிடம் சொன்னார்: "இனி எண்ணெய்ச் சமாச்சாரம் பூராவும் நீயே பாத்துக்க கண்ணு. ஆனா ஒண்ணு, மூணாவது தடவையும் போச்சுன்னா மறுபடி ஜன்னலுக்குத்தான் போகோணும்."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "வயித்தெரிச்சலுக்கு மோரு ஊத்தவா?" என்றாள் என் பொண்டாட்டி ஒச்சாயி. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

புது எண்ணெய் வந்தது. மத்தியானம் பழையதை இறக்கினார்கள். ஒழுகி நின்றதும் ரோஸ்மேரி என்னிடம் வந்தாள். "அண்ணே, இந்தப் பெட்டிய மாட்டுனது நீங்கதான். உள்ள எங்கயாச்சும் எண்ணெய் தங்குமா? வேற பிளக் இருக்கா?"

இருந்தது. பெட்டியை ஒருக்களித்ததால் அடிப்பக்கம் இப்போது சுவரோரம். அங்கே எண்ணெய் இறக்கும் ஓட்டையை அடைத்தபடி ஒரு பிளக், கையை விட்டுத் துழாவினால்தான் தட்டுப்படும். அதைக் கழற்றாவிட்டால் ஒரு லிட்டர் பழைய எண்ணெய் உள்ளேயே நிற்கும். இது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒண்ணுமில்லத்தா. ஊத்து" என்றேன்.

சொல்லும்போது நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். போ, ஜன்னலுக்கே போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மெஷினில் துணி ஏற்றியாகிவிட்டது, ஏற்றுமதிச் சரக்கு. முதலாளி ஸ்விட்ச் பக்கத்தில் நின்றார்.

"ஏங்கண்ணு, போடலாமா? பழசு சுத்தமா எறங்கீருச்சா?"

"எறங்கிட்டு சார். மூக்கையா அண்ணன்ட்ட கேட்டுத்தான் ஊத்துனேன். அண்ணன் சொன்னா சரியா இருக்கும்."

அவள் நோட்டை நீட்டினாள். அன்றைய தேதிக்குக் கீழே, 'பார்த்தவர்: மூக்கையா அண்ணன்' என்று எழுதியிருந்தது. முதலாளி பக்கங்களைப் புரட்டினார். நான்கு வருஷம், ஒவ்வொரு பக்கத்திலும் அதே வரி. அவள் கண்டுபிடித்தவற்றின் கீழும் என் பெயர்தான். இப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது.

முதலாளியின் கை ஸ்விட்சுக்குப் போனது.

"போடாதீங்க!" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "சுவத்துப் பக்கம் இன்னொரு பிளக் இருக்கு. ஒரு லிட்டரு உள்ள நிக்கும்."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத ஏனுங்க நேத்தே சொல்லுல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பொறாமைங்க, முதலாளி."

முதலாளி வாட்சைப் பார்த்து, "கம்முனு போயி அதக் கழட்டுங்க மொதல்ல" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

சுவரோரம் ஒருக்களித்துப் படுத்துக் கழற்றினேன். கொழகொழவென்று வந்தது, தயிருமில்லாமல் பாலுமில்லாமல். ரோஸ்மேரிதான் வாளியைப் பிடித்தாள், என்னைப் பார்க்கவில்லை. புது எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி அலசி இறக்கி, மறுபடி நிரப்பி முடிக்க மத்தியானமானது. பிறகு நோட்டை எடுத்தாள். அன்றைய வரியில் என் பெயரை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமாகிறது. ஆறாம் நம்பர் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. சுவரிலுள்ள துண்டுகளில் பொன்தூள் இல்லை. போன ஆயுத பூஜைக்குத் தகடுகளின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் பெயிண்ட் அடித்தேன். முதலாளி இப்போது, "ரோஸ்மேரி சொன்னாச் சரியா இருக்குமுங்க" என்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரியத்தான் செய்கிறது. அதைவிட எரிவது அந்த நோட்டின் பழைய பக்கங்களில் இருக்கிற மூக்கையாவை நினைத்தால்தான்.

அவள் மாறவில்லை, அதே அண்ணேதான். மெஷினில் சந்தேகம் வந்தால் இப்போதும் முதலில் என்னிடம்தான் வருகிறாள். "அண்ணே, இதுல வேற பிளக் இருக்கா?" என்பாள். இல்லை என்பேன், நிஜமாகவே இருக்காது. சரிண்ணே என்று சொல்லிவிட்டு, வீங்கின முட்டியை மடக்கி உட்கார்ந்து, டார்ச் அடித்து அவளே ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.