பச்சைக் குஞ்சு தேறிய கதை

அந்தக் குஞ்சை நாங்கள் வாங்கவில்லை. இனாமாகக் கிடைத்தது. இனாமாகக் கிடைப்பதில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று தெரிந்தும் கை நீட்டி வாங்கிக்கொண்ட புத்திசாலி நான்தான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான், நடுவில் அப்பா. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். வகுப்பில் அவர் நிமிர்ந்து பார்த்தாலே பையன்கள் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். இப்போது ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் என் தோளில் சரிந்தார். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாக்கும் கேட்கவில்லை.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. சாலையோரம் ஒருவர் அகலமான அட்டைப்பெட்டியில் கலர் கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். ரோஸ், ஊதா, மஞ்சள், பச்சை என்று சாயத்தில் முக்கி எடுத்த குஞ்சுகள். பெட்டியின் மூலையில் ஒரு பச்சைக் குஞ்சு மட்டும் இரண்டு கால்களையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு கிடந்தது. மற்றவை அதன்மேல் ஏறி நடந்துகொண்டிருந்தன. அப்பா இடது கையை நீட்டி, "அதை எடு," என்றார்.

அந்த ஐந்து வாரத்தில் அவர் குழறாமல் சொன்னது அவ்வளவுதான். நான் இறங்கிப் போனேன். விற்கிறவர் குஞ்சை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது வேணாக்கா. தேறாது. வேற நல்லதா பாத்து எடுத்துக்கோ."

"இதுதான் வேணும்."

"அப்போ சும்மா எடுத்துனு போ. சாவப்போற உசுருக்குக் காசு வாங்கினா எனக்குத்தான் பாவம்."

தேறாது. எனக்கு அந்தச் சொல் புதிதில்லை. எட்டாம் வகுப்பில் என் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு அப்பா சொன்னதும் அதுதான். "நீ தேறமாட்டே." தேறினேன், அது வேறு விஷயம். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் தேறினார்கள் என்று சான்றிதழ் அடித்துக் கொடுக்கிறேன். ஆனாலும் யார் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அந்தக் கோபத்தில்தான் குஞ்சைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். "வீட்ல ஒரு நோயாளி பத்தாதா?" என்று அம்மா முனகினாள்.

பார்சல் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துண்டை விரித்து, மேலே மேஜை விளக்கை வைத்தேன். குஞ்சு நடுங்கிக்கொண்டே இருந்தது. விளக்கை இன்னும் கீழே இறக்கினேன். அப்போதும் நடுங்கியது. ஒரு மணி நேரம் கழித்து அப்பா இடது கையைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "சூடே... இல்ல," என்றார். எல்.இ.டி. பல்பு எப்படிச் சூடாகும்? படித்த முட்டாள் என்றால் நான்தான். பழைய குண்டு பல்பைத் தேடி நாலு கடை ஏறி இறங்கினேன். "அதெல்லாம் இப்போ யாரு மேடம் கேக்கறாங்க," என்று சிரித்தார்கள். ஐந்தாவது கடையில் தூசி படிந்த ஒன்று கிடைத்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் குஞ்சு முதல்முறையாகக் கண்ணை மூடித் தூங்கியது.

மறுநாளிலிருந்து அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது. கேழ்வரகு மாவையும் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவையும் பிசைந்து விரல் நுனியில் எடுத்து ஊட்டினார். சொட்டு மருந்துக் குழாயில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். எல்லாம் இடது கையால். பாதி துண்டில் சிந்தும், பாதி குஞ்சின் அலகில் போகும். விரிந்த கால்களைச் சேர்த்துக் கட்டினால் நேராகும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பிளாஸ்திரியை மெல்லியதாகக் கத்தரித்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, கால்களைச் சேர்த்து ஒட்டினேன். அப்பாவைப் பயிற்சிக்கு எழுப்ப வரும் பிசியோதெரபி பெண் அதைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்குக் காம்படீஷன் வந்துடுச்சு," என்றாள். அதுவரைக்கும் அவள் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அன்றைக்கு வலது காலை நான்கு முறை தூக்கினார்.

மூன்றாம் நாள் மாலை ஜெபத்தில் அம்மா ஒரு கையைக் குஞ்சுப் பெட்டியின் மேலும் இன்னொரு கையை அப்பாவின் வலது முழங்காலின் மேலும் வைத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, எனக்கு ஒரு அடையாளம் தாரும். இந்தக் குஞ்சை நீர் நடக்க வெச்சா, இவரையும் நடக்க வெப்பீர்னு நான் நம்பிடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா கண்ணை மூடியபடியே, "ஆமென்," என்றார். தெளிவாகச் சொன்னார்.

சமையலறையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா இது, கோழிக்குஞ்சை வெச்சு ஆண்டவர்கிட்ட பந்தயம் கட்டறே? அது செத்துப்போச்சுன்னா?"

"ஏன் வாயைத் திறந்தாலே அபசகுனமா பேசறே? உனக்கு விசுவாசம் இல்ல."

"விசுவாசம் இருக்கு. அந்தக் குஞ்சு மேல இல்ல."

எனக்கு அம்மாமேல் கோபம். அதைவிட, அந்தக் குஞ்சு நடக்கவில்லை என்றால் அப்பா இனி காலைத் தூக்கவே மாட்டார் என்ற பயம். அவரை எனக்குத் தெரியும். விடை தவறென்று தெரிந்துவிட்டால் கணக்கை மேற்கொண்டு போடமாட்டார்.

சனிக்கிழமை விடியற்காலையில் முதலில் எழுந்தது நான்தான். குஞ்சு பல்புக்குக் கீழே கழுத்தை நீட்டி விறைத்துக் கிடந்தது. கால்களில் நான் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. நான் அழவில்லை. அப்பா விழிக்கிறதுக்குள் என்ன செய்வது என்று மட்டும் யோசித்தேன். பெட்டியை மூடி, அதன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அம்மாவை எழுப்பி, "ராத்திரியெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு, கால்நடை டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

குஞ்சு விற்கிறவர் வர ஒன்பதரை ஆனது. அதுவரை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இன்னாக்கா, பூட்டுச்சா? நான்தான் அன்னிக்கே சொன்னேனே. சரி, இன்னா கலரு? பச்சைதானே? இங்க கீது பாரு, அச்சு அசல் அதே மாரி."

"வித்தியாசம் தெரியுமா?"

"எவனுக்குத் தெரியும்? கொழந்தைங்க அழுவும்னு இத்தினி பேரு வந்து மாத்திக்கினு போறாங்க. ஒரு கொழந்தை இதுவரிக்கும் கண்டுபுடிச்சதில்ல. உங்க வூட்ல கொழந்தைக்கு இன்னா வயசு?"

எழுபத்தொன்று என்று நான் சொல்லவில்லை.

செத்த குஞ்சைப் பால் கவரில் சுற்றி, மீன் கழிவு கிடந்த மார்க்கெட் குப்பைத் தொட்டியில் போட்டேன். அப்பா ஐந்து நாள் ஊட்டி வளர்த்த உயிர். ஒரு பிடி மண் கூடத் தள்ளவில்லை. பிறகு மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி, பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து, நல்ல கால்களோடு துள்ளிக்கொண்டிருந்த புதுக் குஞ்சின் கால்களைச் சேர்த்துக் கட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் நினைத்தால் உடம்பு கூசுவது இது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும், டாக்டர் ஒரு ஊசி போட்டார், கட்டை இன்றைக்குப் பிரிக்கலாம் என்றார் என்று சொன்னேன். பிரித்தது அம்மா. குஞ்சு ஒரு கணம் நின்று உடம்பை உதறியது. பிறகு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி அப்பாவின் வலது பாதத்தில் ஏறி நின்றது. அம்மா தரையில் முழங்காலிட்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்," என்று அழுதாள். அப்பா என்னைப் பார்த்து, பாதி வாயால் சிரித்து, "தே...றிடுச்சு," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அம்மா எழுந்து குஞ்சைப் பற்றிச் சாட்சி சொன்னாள். டாக்டர் ஊசி போட்டதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள். யாரோ, "ஊசி ஏதாவது போட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்கவும், "என் பொண்ணும் பாத்தா, அவளே சொல்லட்டும்," என்று என் பக்கம் கையை நீட்டினாள். நான் சமோசாத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமா. நடந்துச்சு," என்றேன். ஒரு குஞ்சு நடந்தது உண்மைதானே.

ஆனால் அப்பா நிஜமாகவே தேற ஆரம்பித்தார். பிசியோதெரபி பெண் பத்து முறை என்றால் பதினைந்து முறை செய்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வந்தார். குஞ்சு அவர் பின்னால் வந்தது. எனக்குக் குற்ற உணர்ச்சி போய்க் கர்வம் வந்துவிட்டது. ஒரு பொய் ஒரு மனிதரை நடக்க வைக்கிறது என்றால் அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெரிய தத்துவஞானி மாதிரி யோசித்துக்கொண்டு போவேன்.

நாலாவது வாரம், மதியம் மூன்று மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. அம்மா அழுததில் முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. குஞ்சு பெட்டியிலிருந்து எகிறிக் குதித்துத் திறந்திருந்த வாசல் பக்கம் ஓடியிருக்கிறது. காம்பவுண்டு சுவரில் பூனை உட்கார்ந்திருந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போது அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வாக்கரைத் தொடவில்லை.

"மூணு அடி நடந்தார்டி. யாரும் பிடிக்கல. நானே பாத்தேன், மூணு அடி," என்றாள். அதற்கு அப்புறம்தான், "விழுந்துட்டார்," என்றாள்.

முதல் குஞ்சு அந்தப் பெட்டியின் விளிம்பை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அது எகிறிக் குதித்திருக்காது. ரயிலில் திரும்பி வரும்போது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் நல்ல மனிதர். தேறிடுவாரா என்று நான் கேட்டபோது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு சாயங்காலம் அப்பா கண் திறந்து, "குஞ்சு?" என்றார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம்.

"நல்லா இருக்குப்பா. பூனைகிட்ட மாட்டல."

"தேறாதுன்னான்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. என்னைப் பற்றி அவர் அப்படிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமையை எப்படிப் பிடுங்குவது? "ஆமாப்பா," என்றேன். அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டார்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. குஞ்சு சேவலாகிவிட்டது. பச்சை உதிர்ந்து உடம்பு முழுக்க வெள்ளை. விடியற்காலையில் கூவி அக்கம்பக்கத்தாரை எழுப்புகிறது, அவர்கள் எங்களை முறைக்கிறார்கள். அம்மா அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்கிறாள். ஆனால் ஜெபக்கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நாற்பது வருடமாக விடியலில் வேதம் வாசித்தவள் இப்போது அதைத் தொடுவதில்லை. போதகர் இரண்டு முறை வந்து பார்த்தார். கர்த்தருடைய சித்தம் நமக்குப் புரியாது என்று ஆறுதல் சொன்னார்.

"எனக்குச் சித்தமெல்லாம் தெரியாதுங்க," என்றாள் அம்மா. "நான் ஒரு அடையாளம் கேட்டேன். அவர் கொடுக்காம இருந்திருந்தா நான் ஏன்னு கேட்டிருக்கமாட்டேன். கொடுத்தாரே. கொடுத்துட்டு எதுக்கு இப்படி ஏமாத்தணும்?"

போதகருக்குப் பதில் தெரியவில்லை. காபி கொண்டுவந்து வைத்த எனக்குத் தெரியும்.

இன்றைக்குக் காலையில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக் கொல்லைப்புறம் போனேன். அம்மா குந்தியிருந்து சேவலுக்கு நொய்யரிசி இறைத்துக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து முதுகு வளைந்துவிட்டது. "அம்மா, அந்தக் குஞ்சு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீயும்தானே பாத்தே? நீதானே கட்டுப் போட்டே? நீயே சொல்லு. நடந்துச்சா, இல்லையா? எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு சில நேரம் பயமா இருக்குடி."

உண்மையைச் சொன்னால் அவளுடைய ஆண்டவர் அவளை ஏமாற்றவில்லை என்று ஆகும். அவருக்குப் பதிலாக நான் நிற்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

"நடந்துச்சும்மா," என்றேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி அரிசியை இறைக்கத் தொடங்கினாள். நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.