ஆபீசுக்குப் போகிறவர்கள்

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு அரிசி குறைவாக விழுந்தது. வெளியூர் வேலைக்குப் போன மகன் கைரேகை வைக்க வராததால் அவன் பெயரைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம். "பேரு போனாப் போகுது. பொங்கலுக்கு வாரவன் வயித்த எங்கன கழட்டி வச்சிட்டு வருவான்?" என்று கேட்டார். கடைக்காரர் அடுத்த கார்டைக் கேட்டார். நான் என் கார்டை நீட்டினேன். வரிசையில் நின்று வாய் திறக்கிற தைரியம் எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. புது அரிசிச் சாக்கைப் பிரித்தார்கள். ரேஷன் அரிசியின் அந்த வாடை எழுந்தது.

உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தாலும் உலை கொதிக்கும்போது தெருவுக்கே தெரியும். பசுவந்தனையில் ஒரு கல்யாண வீட்டுச் சோற்றில் வாடையே இல்லையே, வெந்ததோ இல்லையோ என்று சந்தேகப்பட்டு எழுந்தவன் நான்.

என் வாலிப வயதில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடம் தகரக் கொட்டகையாக இருந்தாலும் அது ஆபீஸ்தான். ஐந்தாவதோடு நின்ற நானே தினமும் ஆபீசுக்குப் போனேன் என்றால் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். மூன்று பிள்ளைகள். மூத்தவள் பேச்சி படிப்பில் கெட்டி. லேபிளில் இருக்கிற இங்கிலீஷைக்கூட எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

ஒரு வருஷம் புதுக் கார்டுக்கு விவரம் எழுத வெளி ஜில்லாக்காரர் ஒருவர் வந்து பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தார். என்ன வேலை என்று கேட்டார். "நான் ஆபீசுக்குப் போறேன் சார். எங்க வீட்டு அவியளும் ஆபீசுதான்" என்றாள் அக்கா. இரண்டு பேருக்கும் ஆபீஸ் உத்தியோகம் என்று அவர் எழுதிக்கொண்டார். மற்றவர்களுக்குத் தீப்பெட்டி என்ற சொல் முதலில் வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

புதுக் கார்டைப் பார்த்த கடைக்காரர், இது உத்தியோகக்காரர் கார்டு, சீனி மட்டும்தான், அரிசி கிடையாது என்றார். "ஆபீசரம்மாளுக்கு என்னத்துக்கு ரேஷன் அரிசி?" என்று வரிசையில் யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அன்று சாயங்காலம் அவள் பிள்ளைகள் குடித்த கடுங்காப்பி மட்டும் நல்ல இனிப்பாக இருந்தது.

பிறகு கார்டைத் திருத்தத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தாள். அலைந்த நாளெல்லாம் கூலி போனது. தெருப் பெண்கள் தங்கள் ரேஷன் பையிலிருந்து ஆளுக்கு ஓர் உழக்கு அள்ளிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் வாங்கிக்கொண்டாள். அப்புறம் அரிசி போடுகிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளிக்கடை அரிசி விலைக்குக் கூலி எட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை பேச்சி வந்து அம்மா பக்கத்தில் குச்சி அடுக்க உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் லீவா என்று கேட்டேன்.

"இல்ல மாமா. நானும் ஆபீசுக்கு வந்துட்டேன்" என்றாள்.

அந்த ஆபீஸ் இன்று இல்லை. மிஷின் வந்ததும் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள்; அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அக்கா காலமாகிவிட்டாள். போனவற்றில் திரும்பி வந்தது அரிசி மட்டும்தான். மறு வருஷமே தப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் பேச்சியின் விரல்கள் வேகம் பிடித்திருந்தன, அவள் கூலி வீட்டுக்குப் பழகியிருந்தது. பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்ற பேச்சை யாருமே எடுக்கவில்லை.