ட்ரம்காரா பாலத்தின் அடியில் கிடந்த மரம்

டிம்ப்னா ஃபேயின் வேலை பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதுவதுதான். காவன் மாவட்டத்தில் எங்காவது சாலையை அகலமாக்கினாலும், குழாய் பதித்தாலும், பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டினாலும், முதல் மண் புரளுவதற்கு முன் அவள் போய்ப் பார்க்க வேண்டும். முன்னோர் விட்டுப்போன எதையாவது அந்த வேலை அழித்துவிடுமா என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிக்கைகள். அவற்றில் முக்கால்வாசி ஒரே முடிவைச் சொல்பவை: பாதிப்பு இல்லை, வேலையைத் தொடங்கலாம்.

அவள் பிறந்தது ட்ரம்காராவிலிருந்து இரண்டு மைல் தள்ளி. அப்பா தபால்காரர். கால்வே நகரத்தில் தொல்லியல் படித்துவிட்டு வந்தபோது நாடு முழுக்க நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருநூறு பேரோடு சேற்றில் மண்டியிட்டு மண் சுரண்டினாள். பிறகு சாலைகள் நின்றன. கூட வேலை செய்தவர்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். டிம்ப்னா வீட்டுக்குத் திரும்பி, பின்னறையில் ஒரு மேசை போட்டு, தனியாகத் தொழில் தொடங்கினாள். பாலங்கள் அவள் கைக்கு வந்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்காது. அவள் மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, காலாலேயே அடிமண்ணைத் தடவிப் பார்த்து நடப்பாள். எது ஆறு உருட்டி வந்த கல், எது மனிதன் வெட்டிய கல் என்று பாதத்துக்குத் தெரியும் என்பாள்.

ட்ரம்காரா பாலத்துக்கு அவள் ஏப்ரலில் போனாள். மூன்று வளைவுகள் கொண்ட கல் பாலம். கட்டி இருநூறு வருஷம் இருக்கும். நடு வளைவு பிளந்து, இரும்புப் பட்டை போட்டு நிறுத்தியிருந்தார்கள். மூன்றரை டன்னுக்கு மேல் எதுவும் போகக்கூடாது என்று இரு பக்கமும் பலகை. பாலத்தை அளந்து, படமெடுத்துப் பதிவு செய்துவிட்டு இடிக்கலாம் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஆற்றின் அடியில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் டிம்ப்னா சொல்ல வேண்டியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு பண்ணை. அது கொரெட்டி காலிகனுடையது. அறுபத்திரண்டு வயது, முப்பத்து நான்கு கறவைப் பசுக்கள். கணவர் போன பிறகும் அவள் ஒரு நாள்கூடக் கறவையை நிறுத்தவில்லை. பால் லாரி அந்தப் பாலத்தில் ஏற முடியாததால், சதுப்பு நிலத்து வழியாகப் போகும் வண்டித்தடத்தில் சுற்றிக்கொண்டு வந்தது. போன ஜனவரியில் லாரியின் சக்கரம் அந்தத் தடத்தில் அச்சு வரை புதைந்தது. இந்த வருஷம் முடிந்த பிறகு அந்த வழியாக வர மாட்டோம் என்று பால் சங்கம் கடிதம் போட்டுவிட்டது. புதுப்பாலம் வந்தால் லாரி வரும், இல்லாவிட்டால் பசுக்களை விற்க வேண்டும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஏப்ரல் மாதத்துத் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் ஓடியது. கையை விட்டால் முழங்கைக்குக் கீழே கை தெரியாது. பாலத்தை ஒட்டிக் கீழ்ப்பக்கத்தில், புதுப்பாலம் வரவேண்டிய இடத்தில், கரையிலிருந்து ஆற்றுக்குள் ஒரு வரிசைக் கற்கள் கிடப்பதை டிம்ப்னாவின் கால் கண்டுபிடித்தது. விளிம்பு வெட்டிய கற்கள். அவள் சிரித்துக்கொண்டாள். அந்தக் கற்களின் கதையைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்திருந்தாள்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் அவளுடைய ஹ்யூயி சித்தப்பா பன்றித் தீவன லாரியை ஓட்டிக்கொண்டு வந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பெயர்த்து ஆற்றில் தள்ளிவிட்டார். அன்று மாவட்ட அணி இறுதியாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. லாரியில் வானொலி அலறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்களில் ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "ஹ்யூயி, மொத்தம் எத்தனை கல்லுப்பா தள்ளின?" வருஷத்துக்கு வருஷம் கல்லின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. வெளியூர்க்காரர் யாராவது அந்த வேலைக்கு வந்திருந்தால் ஒரு கல்லையாவது புரட்டிப் பார்த்திருப்பார். டிம்ப்னா புரட்டவில்லை. 'அண்மைக் காலத்தில் கைப்பிடிச் சுவரிலிருந்து விழுந்த கற்கள். பாதிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆற்றுக்குள் வேலை செய்ய ஜூலை முதல் தேதியிலிருந்து செப்டம்பர் முப்பது வரைதான் அனுமதி. அதற்குப் பிறகு மீன்கள் முட்டையிட மேலே வரத் தொடங்கும். அக்டோபர் பிறந்தால் ஆற்றில் ஒரு வாளி மண்ணைக்கூடக் கலக்கக் கூடாது. இதில் யாருக்கும் சலுகை கிடையாது. ஒப்பந்தக்காரர் வேறோர் இடத்தில் மாட்டிக்கொண்டு, ஆகஸ்ட் நடுவில்தான் ட்ரம்காராவுக்கு வந்து சேர்ந்தார். அப்படியும் ஆறு வாரம் மிச்சம். அஸ்திவாரத்துக்கு மூன்று வாரம் போதும். பொக்லைன் தோண்டும்போது பக்கத்தில் நின்று கவனிக்க டிம்ப்னாவைக் கூப்பிட்டார்கள்.

பத்தொன்பதாம் தேதி காலை தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கி, அடி தெரியும்படி தெளிந்திருந்தது. பொக்லைன் ஓட்டுகிற மலக்கி கரையில் வண்டியை நிறுத்தி, பெரிய வாளியைக் கற்களுக்கு நேராக நீட்டி வைத்திருந்தான். கொரெட்டி பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கூடையில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டித் துண்டுகள், ஃபிளாஸ்க், நான்கு கோப்பைகள்.

"டிம்ப்னா, உங்க சித்தப்பா தள்ளின கல்லை எடுத்து வீட்டுல வெச்சுக்கோ. மியூசியம் மாதிரி காசு வாங்கிட்டுக் காட்டலாம்" என்றாள் கொரெட்டி மேலேயிருந்து.

"அவருக்கும் பங்கு கொடுக்கணும் அக்கா. கேட்டுட்டுதான் இருக்காரு" என்றாள் டிம்ப்னா.

வாளி இறங்குவதற்கு முன் கற்கள் கிடந்த விதத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் குனிந்தாள். தெளிந்த தண்ணீரில் கற்கள் நேர்கோட்டில் கிடந்தன. லாரி இடித்துத் தள்ளிய சுவர் இப்படி வரிசையாக விழாது. அவள் சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு முதல் கல்லுக்கு அடியில் விரலை நுழைத்தாள். வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இன்னும் உள்ளே விட்டாள். மரம். நெட்டுக்குத்தாக அடித்த கட்டை. அதன் பக்கத்தில் கோடரி இறங்கிய தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக, விரலுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. அரை அடி தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பாலும்.

"என்னக்கா, மீனு கடிச்சிடுச்சா?" என்றான் மலக்கி.

 டிம்ப்னா கையை எடுக்கவில்லை. தண்ணீர் குளிர்ந்திருந்தது. கையை எடுத்து, படம் எடுத்தாகிவிட்டது என்று சொன்னால் போதும். மலக்கி இரண்டே வாளியில் கல்லையும் கட்டையையும் சேர்த்து வாரிப் போட்டுவிடுவான். சேற்றில் கலந்து வந்தால் கட்டை என்று அவனுக்கே தெரியாது. ஏப்ரல் அறிக்கை அவளுடைய கையெழுத்தோடு சரியாகவே இருக்கும். நவம்பரில் பால் லாரி புதுப்பாலத்தில் வரும். கட்டை இருந்தது என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

"டீ ஆறுது" என்றாள் கொரெட்டி.

"மலக்கி, வண்டியை அணைச்சிரு" என்றாள் டிம்ப்னா.

"டீ குடிக்கவா?"

"இல்லை. இன்னைக்கு வேலை இல்லை. அடியில மரம் இருக்கு."

எஞ்சின் நின்றதும் ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது. கொரெட்டி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்ன மரம்?"

"பழைய மரம் அக்கா. யாரோ நட்டு வெச்ச கட்டை."

"எவ்வளவு நாளாகும்?"

"தெரியலை."

"தெரியலைன்னா?"

"செப்டம்பருக்குள்ள முடியாது."

 கொரெட்டி கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கூடைக்குள் வைத்தாள். இரண்டில் ஏற்கெனவே தேநீர் ஊற்றியிருந்தது. அதை ஆற்றில் கொட்டிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

"ரொட்டியையாவது விட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றான் மலக்கி. டிம்ப்னா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

புதுப்பாலத்தைக் கட்டும் மாவட்டக் கவுன்சிலின் இன்ஜினியர் ஃபெர்கலுக்கு அவளே தொலைபேசியில் சொன்னாள். 

"ஏப்ரல்ல அங்க எதுவும் இல்லைன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"நான்தான். தப்பா எழுதிட்டேன்."

"பார்த்துத்தானே எழுதினீங்க?"

"பார்க்காம எழுதினேன். கதையை நம்பி எழுதினேன்."

"இதை நான் மேல எப்படிங்க சொல்றது?"

"நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க."

புதுப்பாலத்தை ஐந்து மீட்டர் நகர்த்த முடியுமா என்று அவள் கேட்டாள். முடியாது என்றார் ஃபெர்கல். இந்தக் கரையில் பக்கத்து நிலம் வேறொருவருடையது; சாலையை வளைத்தால் புதிதாக அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ஒன்றரை வருஷம். மரத்தை முறைப்படி தோண்டி எடுப்பதுதான் ஒரே வழி. டப்ளினிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போக எட்டு நாள். தோண்டுவதற்கு உரிமம் வர மூன்று வாரம். மண்மூட்டை அடுக்கி, ஆற்றை ஒரு பக்கமாகத் திருப்பி, டிம்ப்னாவும் இன்னும் மூன்று பேரும் சிறு கொத்துக் கரண்டியால் தோண்டினார்கள். மொத்தம் பதினேழு கட்டைகள். செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி கடைசிக் கட்டை வெளியே வந்தது. மறுநாள் மண்மூட்டைகளை அகற்றினார்கள். அஸ்திவாரம் அடுத்த ஜூலைக்குத் தள்ளிப்போனது.

அந்த ஆறு வாரமும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கொரெட்டி டிம்ப்னாவின் பக்கம் திரும்பவில்லை. அமைதி வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்க வேண்டிய நேரத்தில் முன்வரிசைக்காரரின் கையைப் பிடித்தவள், பின்னால் திரும்பாமலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. ஹ்யூயி சித்தப்பா மட்டும், "அப்ப நான் ஒரு கல்லுகூடத் தள்ளலையா?" என்று வருத்தப்பட்டார். நான்கு கல் தள்ளியிருக்கிறார் என்று டிம்ப்னா சொன்னாள். எண்ணிப் பார்த்துத்தான் சொன்னாள்.

அக்டோபர் கடைசியில் முப்பத்து நான்கு பசுக்களும் மாட்டுச் சந்தைக்குப் போயின. சிறிய இழுவை வண்டியில் மூன்று மூன்றாக, பாலத்தின் எடைக்கு அடங்கும்படி, பன்னிரண்டு நடை.

டிம்ப்னா தன் இறுதி அறிக்கையை நவம்பரில் முடித்தாள். இரண்டாம் பக்கத்தில், ஏப்ரல் மாத முடிவு தவறானது என்றும், கற்களைப் புரட்டிப் பார்க்காமல் எழுதப்பட்டது என்றும், அதற்குத் தானே பொறுப்பு என்றும் மூன்று வாக்கியம் எழுதினாள். அதைக் கொஞ்சம் மென்மையாக்கலாமே என்று ஃபெர்கல் கேட்டார். அவள் மாற்றவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் கவுன்சிலிடமிருந்து அவளுக்கு ஒரு பாலம்கூட வரவில்லை.

டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் ஆய்வுக்கூடத்திலிருந்து மரத்தின் வயது வந்தது. அதைக் கொரெட்டிக்கு நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போனபோது கொரெட்டி காலியான கறவைக் கொட்டிலைக் குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவ அங்கே அழுக்கு எதுவும் இல்லை.

"வயசு வந்துடுச்சு அக்கா."

"சொல்லு."

"ஆயிரத்து அறுநூத்தி எழுபதுல வெட்டின ஓக் மரம். கல் பாலத்துக்கு முன்னால அங்க ஒரு மரப்பாலம் இருந்திருக்கு."

கொரெட்டி குழாயை மூடினாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஆயிரம் ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்னு நெனைச்சேன். ராஜா காலத்துது ஏதாவது."

"இல்லை."

"அந்த இடத்துல ஒரு பாலத்துக்கு முன்னாடி இன்னொரு பாலம் இருந்துச்சு. இதைக் கண்டுபிடிக்கத்தான் என் மாடெல்லாம் போச்சு."

"ஆமா அக்கா."

"மறுத்தாவது பேசுடி, கழுதை. சண்டை போடவும் ஆளில்லாம போச்சு எனக்கு."

 இருவரும் கொட்டில் வாசலில் நின்றார்கள். மழை பிடிக்கப்போகிற மாதிரி இருந்தது.

"பத்து காளைக்கன்னு வாங்கலாம்னு இருக்கேன்" என்றாள் கொரெட்டி கடைசியில். "அதைக் கறக்கவும் வேண்டாம், பால் லாரியும் வேண்டாம். மேல் வயல்ல ஒரு கொட்டகை போடணும். பக்கத்துல அந்த வட்டமான பழைய மண்மேடு இருக்கு பாரு, அதனால அனுமதி கொடுக்கறதுக்கு முன்னாடி தொல்லியல் அறிக்கை வேணும்கிறான் கவுன்சில்காரன்."

"ஆமா, கேப்பாங்க."

"நீயே எழுது."

டிம்ப்னா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "வேற ஆளுங்க இருக்காங்க அக்கா. மொனகன்ல ஒருத்தர் நல்லா செய்வாரு."

"மொனகன்காரன் காலையில வந்து மத்தியானம் போயிடுவான். நீ எங்க ஓடுவ? தப்புன்னா வாசல்ல வந்து திட்டுறதுக்கு எனக்கு உன் வீடு தெரியும்."

"ரிப்போர்ட் உனக்குச் சாதகமா வராம போகலாம்."

"வராட்டி வேற வயல்ல போட்டுக்கறேன். எப்ப வரே?"

"வெள்ளிக்கிழமை. ஆனா அங்கங்க தோண்டிப் பார்க்கணும். புல்லு போயிடும்."

"போனா மறுபடி முளைச்சுக்கும்" என்றாள் கொரெட்டி. கொட்டிலின் விளக்கை அணைத்துவிட்டு, மேல் வயல் கேட்டின் சாவியை எடுத்துவர வீட்டுக்குள் போனாள்.